வெள்ளிக்கிழமை திறக்காத கல்லா

எங்கள் வர்த்தகர் தரும நிதிக்கு இப்போது அச்சடித்த விண்ணப்பத் தாள் வந்துவிட்டது. தகப்பனார் பெயர், ஊர், எந்தக் கலாசாலை, எந்த வகுப்பில் தேறினார், உதவி எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். புதிய காரியதரிசி அதில் ஒன்றை என் கையில் கொடுத்து, "இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல பட்டதாரிகளுக்கு எப்படிங்க ஐயா பணம் அனுப்பினீங்க?" என்று கேட்டார்.

"பயந்துக்கிட்டே அனுப்பினோம் தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் விடவுமில்லை, எழுதித் தாருங்கள், சங்கத்து மலரில் போடுகிறோம் என்று பிடித்துக்கொண்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து இளவயதில் கடல் தாண்டிப் பதுளைக்கு வந்து, சங்கரமூர்த்தி முதலாளியின் அரிசிக்கடையில் கணக்கெழுதக் கற்றவன். மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவரிடம் மாலை வேளைகளில் இங்கிலீஷும் கற்றுக்கொண்டேன். அந்தப் பாவத்துக்குத் தரும நிதியின் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் தலையில் விழுந்தது. அன்று பிடித்த பயம், வேலையை விட்ட பிறகுதான் என்னை விட்டது.

நிதிக்குப் பணம் வந்த வழி மகமை. கடைக்காரர்கள் தாங்கள் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் தருமத்துக்கென்று ஒரு சிறு தொகையை எடுத்து வைப்பார்கள். கோயில் விளக்கு, திருவிழா, அன்னதானம் எல்லாம் போக மிஞ்சியதைக் கொண்டு மேற்படிப்புக்காரர்களுக்கு உதவலாம் என்று தொடங்கியவர் எங்கள் முதலாளிதான். பி.ஏ. வரைக்கும் மிஷன்காரர்களோ மாமன் மச்சானோ யாராவது தூக்கிவிடுவார்கள். பட்டம் வாங்கியதும், படித்தது போதும், உத்தியோகம் பார் என்று எல்லோரும் கையை உதறிவிடுவார்கள். அந்த இடத்தில் தனியாக நிற்கிறவர்களுக்குத்தான் எங்கள் நிதி.

விண்ணப்பத் தாள் இல்லையே தவிர, முறை இல்லாமல் இல்லை. உதவி கேட்டு வருகிறவர் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு வர வேண்டும். முதலாளி ஊரை விசாரிப்பார், பெற்றவர்களை விசாரிப்பார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். பிறகு, "தம்பி, அந்த மிளகாயில ஒரு ராத்தல் நிறுத்துப் போடுங்க" என்பார். பி.ஏ. பட்டதாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசைப் பிடிப்பார். முதலாளி மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவருடைய கண் தராசு முள்ளின் மேல்தான் இருக்கும். முள் அசைவு நிற்பதற்கு முன்னால் பொட்டலத்தைக் கட்டியவருக்கு, "போயிட்டு வாங்க, பார்ப்போம்" என்று பதில். முள் நிற்கும்வரை பொறுத்தவருக்கு வெற்றிலைத் தட்டைத் தம் கையாலேயே நீட்டுவார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலாயுதம் வந்தது இப்படி ஒரு காலையில்தான். தகப்பன் ஒரு சின்னக் கங்காணி, இறந்துபோயிருந்தார். தாய் அங்கம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மிஷன் உதவியோடு திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு, சென்னைப் பட்டணத்தில் கணிதத்தில் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டு வந்திருந்தான். மிளகாய் நிறுக்கச் சொன்னதும் தராசைப் பிடித்தவன், முள் நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தான். ஒரு மிளகாயை எடுத்தான், போட்டான், மறுபடி எடுத்தான். வாசலில் நின்ற வாடிக்கைக்காரி, "எனக்கு வயசாகிட்டே போகுதுங்க" என்று சத்தம் போட்டாள். முதலாளி வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டார்.

ஆனால் நிதிக் கூட்டத்தில் எண்ணெய்க்கடை ராமசாமி எழுந்து நின்றார். கெட்ட மனிதர் அல்லர். எதையும் நேராகக் கேட்டுவிடுவார்.

"முதலாளி, பி.ஏ. படிச்சாச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு படிப்பு? அதுவும் தோட்டத்து ஆள். நாளைக்கு நடுவுல விட்டுட்டுப் போனா யாருகிட்டப் போய்க் கேட்கிறது? இது கடைக்காரங்க மகமை இல்லியா?"

முதலாளி டப்பாவை மூடினார். "மூட்டைக்குத்தானே மகமை பிடிக்கிறோம் ராமசாமி? மூட்டை எங்க போகுது?"

"எங்க போகுதுன்னா?"

"மடுல்சீமைக்கும் பசறைக்கும் போகுது. தோட்டத்து ஆளுங்க லயத்துல உலை வைக்கிறாங்க. அவங்க திங்கலேன்னா உனக்கும் எனக்கும் மகமை ஏது?"

ராமசாமி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "சரிங்க. ஆனா இந்த ஆள் தவறிட்டா, தோட்டத்து ஆளுக்கு இதுதான் கடைசி. கூட்டத்துல எழுதி வச்சுக்குங்க" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எழுதியவன் நான். வேலாயுதம் பரீட்சை எழுதாமல் போனால் அவன் ஒருவனோடு அது முடியாது. அவனுக்குப் பின்னால் வரப்போகிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கதவு அடைபட்டுவிடும். அன்றிலிருந்து அவன் கடிதம் வந்தால், கடைசி வரியை முதலில் பார்த்துவிட்டுத்தான் மேலே வாசிப்பேன்.

முதல் வருஷம் ஒழுங்காகப் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலாசாலைத் தலைவரின் அத்தாட்சி வரும்; நான் கொழும்பு வழியாக உண்டியல் சீட்டெழுதிப் பணம் அனுப்புவேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா சந்தைக்கு இறங்கி வருவாள். கடை வாசலில் நின்றபடியே மகன் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு மலை ஏறுவாள்.

இரண்டாம் வருஷம் அரிசிப் பஞ்சம் வந்தது. பெரிய யுத்தம் முடிந்து நிம்மதி என்று நினைத்த நேரத்தில், இந்தியாவிலிருந்து மூட்டை வருவது நின்றே போயிற்று. வந்த கொஞ்சத்தையும் சர்க்கார் அளந்து கொடுத்தது. மூட்டை இல்லாவிட்டால் மகமை ஏது? நிதியில் பணம் வற்றியது. முதலாளி தம் கடைப் பணத்தில் கொஞ்சம் போட்டு வேலாயுதத்துக்கு அனுப்பிவந்தார். அதுவும் பிந்திப் பிந்தித்தான் போயிற்று. அவனோ ஒரு கடிதத்திலும் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. குறை சொல்லாத மாணவன் எதையோ மறைக்கிறான் என்பது நான் அனுபவத்தில் கண்டது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. அப்போது பதுளைக்கு ரயில் கிடையாது. தபால் பண்டாரவளையில் இறங்கி ரோட்டு வழியாக வர வேண்டும். தெமோதரைப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடியது. பல நாள் தபால் மொத்தமாக ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. வேலாயுதத்தின் கடிதத்தைத் தபால் கந்தோர் வாசலிலேயே பிரித்துவிட்டேன்.

விஷக்காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். பரீட்சைக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய பணம் மருந்துக்கும் பாலுக்கும் போய்விட்டது. இப்போது உடம்பு தேறிவிட்டது, படிப்பிலும் குறை இல்லை. ஆனால் கட்டணம் கட்டக் கடைசி நாள் அந்த வாரத்துச் சனிக்கிழமை நடுப்பகல். 'தங்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் இத்தனை நாள் கடத்திவிட்டேன்' என்று முடித்திருந்தான். மனமில்லாமலாம்! அந்த ஒரு சொல்லுக்கு அவனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் கடைக்கு ஓடினேன். நான் படியேறவும், முதலாளி சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றவும் சரியாக இருந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் கடைத்தெருவில் பணம் வெளியே போகாது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுநாளும் கல்லாவுக்குள் பணம் வரலாம், கல்லாவிலிருந்து போகக் கூடாது. லட்சுமியை வாசலுக்கு வெளியே அனுப்புகிற நாள் அது அல்ல. எங்கள் சீமையிலிருந்து வந்த வியாபாரிகள் அத்தனை பேருக்கும் இதுதான் வழக்கம்.

மறுநாள் விடியற்காலையில் போய் நின்றேன். முதலாளி கல்லாப்பெட்டிக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"தந்தி மணியார்டர் இன்னைக்கே போட்டாத்தாங்க சரி. நாளைக்குப் போட்டா நடுப்பகலுக்குள்ள அவன் கைக்குப் போகாது."

"கணக்குப்பிள்ளை, இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா கேட்கிறீங்க?"

"பக்கத்துல யாருகிட்டயாவது கைமாத்தா..."

"இந்தப் பஞ்சத்துல நான் இந்த ஊர்ல கை நீட்டினேன்னா, நாளைக்கே சங்கரமூர்த்தி கடை முழுகிப்போச்சும்பான். கடன் கொடுத்தவன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான்."

முதலாளி சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"மூத்தவன் போனானே, உங்களுக்குத் தெரியாது, நீங்க வர்றதுக்கு முந்தி. ஒரு கடன்காரன் வாசல்ல நின்னு கத்தினான்னு ஒரு வெள்ளிக்கிழமை கல்லாவைத் திறந்து கொடுத்துட்டேன். அந்த மாசமே பிள்ளை காய்ச்சல்ல போயிட்டான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்க இங்கிலீஷ் படிச்சவர் சொல்லுவீங்க. என் கை திறக்க மாட்டேங்குதய்யா."

அவருடைய இளைய மகன் குமாரசாமி அந்தப் பக்கம் மூட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர். முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

திடீரென்று முதலாளி நிமிர்ந்தார். "கடன் வாங்கினா பணம் உள்ளே வர்றதா, வெளியே போறதா?"

"உள்ளே வர்றதுதாங்க."

"அப்போ எழுதுங்க. பட்டணத்துல மாணிக்கவாசகம் இருக்காரில்ல? என் கணக்குல கடனாப் பற்று எழுதிக்கிட்டு, அந்தப் பணத்தை இந்தத் தம்பிக்காகக் கட்டட்டும். அவசரம்னு போடுங்க. என் கல்லாவும் திறக்கலை, காரியமும் ஆச்சு."

மாணிக்கவாசகம் எங்களுக்கு அரிசி அனுப்பிவந்த மொத்த வியாபாரி. நான் அங்கேயே நின்று தந்தியை எழுதி முடித்தேன். கிளம்பும்போதுதான் தந்திக் கூலி ஞாபகம் வந்தது. முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கல்லாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்லயும் லட்சுமி இருப்பாளே பிள்ளை, நான் எப்படிக் கேட்கிறது?" என்றார் சங்கடத்தோடு.

"எங்க வீட்டுக்கு அவ வந்ததே இல்லீங்க, போறதுக்கு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன்.

தந்தி மாஸ்டர் கையை விரித்தார். மரம் விழுந்து கம்பி அறுந்ததை அன்று காலைதான் கட்டியிருக்கிறார்கள். எந்த நேரமும் மறுபடி போகலாம். "காசை வாங்கிக்கிறேன் ஐயா, போய்ச் சேரும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். அவர் தட்டி முடிக்கும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போயிற்று. பதில் வருமென்று மத்தியானம் வரை அங்கேயே கிடந்தேன். அதற்குள் கம்பி மறுபடி அறுந்துவிட்டது.

சாயங்காலம் கடையில் விளக்கேற்றினார்கள். முதலாளி கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"பிள்ளை! மாணிக்கவாசகமும் நம்ம ஆளுதானேய்யா! அவர் கல்லாவும் வெள்ளிக்கிழமை திறக்காதே!"

அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். காலை முழுவதும் எங்கள் வெள்ளிக்கிழமையைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினோமே தவிர, அதே வெள்ளிக்கிழமையைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைக்கிறோம் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவரிடம் கேட்காமல் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். இனிமேல் தந்தி இல்லை; ரோட்டிலும் மறுபடி மண் சரிந்துவிட்டதால் தபாலும் இல்லை. சனிக்கிழமை நடுப்பகல் எங்கள் கண் முன்னாலேயே கடந்துபோயிற்று. முதலாளி சாப்பிட எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அங்கம்மா வந்தாள். தலையில் மழைக்குப் போட்ட நனைந்த கொங்காணி, காலெல்லாம் சேறு. அவள் படியருகில் வந்து நின்றபோது, மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது.

"கணக்குப்புள்ள ஐயா, கடுதாசி வந்திருக்குங்களா?"

மறைக்க முடியவில்லை. காய்ச்சல், ஆஸ்பத்திரி, கட்டணம், தந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டணம் கட்டியாயிற்றா இல்லையா என்பது தெரியாது என்பதையும் சொன்னேன்.

"இப்ப நல்லா இருக்கானுங்களா?"

"உடம்பு தேறிட்டுதுன்னு எழுதியிருக்கான்."

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்திப் போனா எங்களுக்கு அரைப்பேருதாங்க போடுவாங்க, அரை நாள் சம்பளம். இவனுக்கு இந்தப் பரீட்சைக்கும் அதே மாதிரிங்களா?"

"இதுல அரைப்பேரும் இல்லைம்மா. ஒரு வருஷமே போயிரும்."

"ஒரு வருஷந்தானுங்களே? அடுத்த வருஷம் எழுதட்டுமே?"

அடுத்த வருஷம் அவனுக்கு நிதி கிடையாது என்பதையும், கூட்டத்தில் என் கையாலேயே எழுதி வைத்ததையும் அவளிடம் எப்படிச் சொல்வது? நான் தலையைக் குனிந்தேன். அவள் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சாப்பிடலைன்னு மூஞ்சியில தெரியுதுங்க. சாப்பிடுங்க ஐயா. நான் அடுத்த ஞாயிறும் வாரேன்" என்றாள். அந்தத் தடவை அவள் கருவாடு வாங்கவில்லை. உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுவதும் கடையில் யாரும் உரக்கப் பேசவில்லை. எண்ணெய்க்கடை ராமசாமி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அவருக்கும் உள்ளூர உறுத்தியிருக்க வேண்டும்.

ரோட்டில் மண்ணை அள்ளி முடித்ததும் தபால் வந்தது. மாணிக்கவாசகத்தின் கடிதம், முதலாளி பெயருக்கு. அவருக்குத் தமிழ் வாசிக்க நன்றாகவே தெரியும். இருந்தும் என்னிடம் நீட்டி, "நீங்க படிங்க" என்றார்.

தந்தி வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. 'கல்லாவைத் திறப்பதா என்று முதலில் மலைத்தேன்' என்று எழுதியிருந்தார். 'சங்கரமூர்த்திக்கு இன்று என்ன கிழமை என்று தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறான் என்றால், யாருக்கோ உயிர் போகிற காரியமாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். கல்லாவைத் திறந்து எடுத்துக்கொண்டு நானே வண்டி பிடித்துப் போய் அந்தத் தம்பியைக் கண்டு, அன்றைக்கே கட்டணத்தைக் கட்டிவிட்டேன். பையன் மெலிந்திருக்கிறான், என் வீட்டில் வந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.'

நான் வாசித்து முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன். முதலாளி அந்தக் கடிதத்தை வாங்கி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். மகிழ்ச்சியாகத்தான் இருந்திருப்பார். ஆனால் தமக்காக இன்னொருவர் கல்லாவைத் திறக்க வேண்டி வந்தது மனத்தைக் குத்தியதோ என்னவோ, அன்று முழுவதும் மூக்குப்பொடி டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

வேலாயுதம் எம்.ஏ. தேறினான். பட்டணத்திலேயே ஒரு கலாசாலையில் உபாத்தியாயர் வேலையும் கிடைத்தது. முதல் விடுமுறையில் மடுல்சீமைக்கு வந்துவிட்டு, தாயையும் அழைத்துக்கொண்டு முதலாளியைக் கும்பிட வந்தான். மலை வழியில் நடந்து வந்ததால் பிந்திவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தாயிற்று.

கும்பிட்டு எழுந்தவன் தயங்கினான். "ஒரு காரியம் சொல்லணுங்க ஐயா. பண்டாரவளைத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் பி.ஏ. முடிச்சுட்டு எங்க கலாசாலையில மேல படிக்கிறான். பரீட்சைக்கு இன்னும் கட்டணம் கட்டலை. நான் பாதி போட்டிருக்கேன்."

"கடைசி நாள் என்னைக்கு?" என்று கேட்டார் முதலாளி.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்குங்க."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். முதலாளி எழுந்து கல்லாப்பெட்டியருகே போனார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். குமாரசாமி கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றார். முதலாளி ஒரு கணம் மகனைப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்தார். நோட்டுகளை எண்ணி எடுத்தார்.

"முதலாளி, வெள்ளிக்கிழமைங்க" என்றேன். "ரெண்டு வாரம் இருக்குங்களே. தபால் கந்தோரும் பூட்டியாச்சு. நாளைக்குக் கொடுத்தா ஆகாதா?"

"நாளைக்குக் கொடுப்போம்னு நமக்குத் தெரியும் பிள்ளை. அங்க உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியுமா?"

பணத்தை என் கையில் வைத்து என் விரல்களை மடக்கிவிட்டார். விடிந்ததும் முதல் வேலையாக அனுப்பச் சொன்னார். அங்கம்மா அவரைக் கும்பிட்டாள். அவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

பணத்தை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன். அப்போதுதான், தந்திக் கூலி கொடுத்த அன்று முதலாளியிடம் நான் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை வருஷத்தில் லட்சுமி என் வீட்டுக்கு வந்து தங்கியது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், விடியும்வரை நான் கண் மூடவில்லை.